அமானிதப் பற்றறி

கரையில் வாழும் நமக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. சுவிச்சைத் தட்டுகிறோம், வெளிச்சம் வருகிறது. மாத முடிவில் பட்டியல் வருகிறது, முணுமுணுத்துக்கொண்டு கட்டுகிறோம். எவ்வளவு இருந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்று நாம் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் நமக்கில்லை. கடலில் நிலைமை வேறு. கரையைவிட்டு நெடுந்தூரம் போய்விட்ட ஆழ்கடல் படகில் மின்சாரம் என்பது அரிசி மூட்டையைப் போல, குடிதண்ணீர்ப் பீப்பாவைப் போல, ஐஸ்கட்டியைப் போல ஏற்றிச் செல்லும் ஒரு சாமான். எடுக்க எடுக்கக் குறையும். அரிசி குறைந்தால் மூட்டை தளர்வது கண்ணுக்குத் தெரியும். பற்றறி குறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. நிறைந்த பற்றறியும் வெறும் பற்றறியும் ஒரே நிறம், ஒரே பாரம்.

நான் கடலோடி அல்லன். கல்முனைக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கின்ற ஆசிரியன். என் வாப்பா கரைவலைக்காரர். ராத்தாவை முடித்த மச்சான் ஆழ்கடல் படகொன்றின் தண்டையல். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரின் வாப்பாமார் கடலை நம்பி வாழ்பவர்கள். ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற நாட்களில், மாணவனின் சுற்றாடலிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று விரிவுரையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மின்னியல் அலகைப் படிப்பிக்கும்போது நான் படகிலிருந்துதான் தொடங்குகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மின்கலத்தை விளங்கப்படுத்த அதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஊரில் மின்சாரம் இல்லாத வீடுகள் பல. படம் பார்க்க வேண்டுமானால் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கார் பற்றறிதான். அதைச் சைக்கிள் கரியரில் கட்டி, சந்தியிலிருந்த பற்றறிக் கடைக்குக் கொண்டுபோய்ச் 'சார்ஜ்' போடக் கொடுப்போம். மறுநாள் போய்த் தூக்கிவர வேண்டும். படத்தின் பாதியில் திரை சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கோடாகி நின்றுவிடும். அதன்பின் கதையின் மிச்சத்தை நாங்களே சொல்லிக்கொண்டு படுப்போம். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட கதை எல்லோரும் அறிந்தது. ஆகவே, மின்சாரத்தைச் சேமித்துச் செலவழிப்பது நமது தலைமுறைக்குப் புதிய பாடமல்ல. மறந்துபோன பாடம். படகுகளில் மட்டும் அது மறக்கப்படாமல் இருக்கிறது.

எங்கள் கரையில் படகைக் கட்டிவைத்து மின்கம்பி இழுக்கக்கூடிய இறங்குதுறை இல்லை. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலில் மணல் சேர்ந்து, படகுகள் உள்ளே போய்வருவது பெரும்பாடாகிவிட்டது. வடக்கே போனால் வாழைச்சேனை. ஊர்க்கரையில் நிற்கும் படகுகளோ அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருக்கும். பற்றறியைச் சார்ஜ் போட வேண்டுமானால் அதைக் கழற்றி, சிறுதோணியில் இறக்கி, அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்து, முச்சக்கர வண்டியில் ஏற்ற வேண்டும். இருபத்தைந்து, முப்பது கிலோ பாரம். அதனுள்ளே சல்பூரிக்கமிலம். இந்தச் சள்ளைக்குப் பயந்தே எங்கள் படகுக்காரர்கள் கடலிலேயே கணக்காக வாழப் பழகிக்கொண்டார்கள்.

இனி அந்தக் கணக்கைப் பார்ப்போம். வருடந்தோறும் கரும்பலகையில் நான் எழுதும் கணக்கு இது.

ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் அது ஓர் அம்பியர்-மணி. படகில் 12 வோல்ற் பற்றறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 100 அம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. "அப்ப 200ஐயும் செலவழிக்கலாமா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "ஓம் சேர்" என்று சொல்லும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஈய அமிலப் பற்றறியில் பாதியை மட்டுமே செலவழிக்க வேண்டும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகள் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே கையிலிருப்பது 200, கைவைக்கக்கூடியது 100.

இரவில் படகு இருப்பதைக் காட்டும் விளக்குகள் மூன்று. முன்னர் 25 வாற் இழைக் குமிழ்கள் போட்டார்கள். மூன்றும் சேர்ந்து 75 வாற். 12ஆல் வகுத்தால் ஆறேகால் அம்பியர். பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தால் 75 அம்பியர்-மணி. வீ.எச்.எப். செட் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அரை அம்பியர், ஒரு நாளைக்கு 12. ஜீ.பீ.எஸ்ஸுக்கு மற்றொரு 12. மீன் பார்க்கும் கருவி ஓர் அம்பியர் வீதம் ஆறு மணித்தியாலம், 6. ஐந்து பேரின் கைத்தொலைபேசிகளுக்கு 8. செட்டில் பேசுவதற்கு 3. கூட்டினால் 116. என்ஜினை நிறுத்தி வலையோடு மிதந்தால் ஒரு நாளைக்கே போதாது.

இப்போது அந்த மூன்று குமிழ்களைக் கழற்றிவிட்டு 3 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் மூன்று போடுங்கள். 75 இருந்த இடத்தில் 9 வரும். மொத்தம் 50. அதே பற்றறியில் இரண்டு நாள் இருக்கலாம். பாட்டுப் பெட்டி ஒன்றை நான்கு மணித்தியாலம் சத்தமாகப் போட்டால் அதற்கு 20 போகும். தண்ணீர் இறைக்கும் பம்பியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் படகின் அடிப்பலகையும் கடலும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். இப்படி என்னவென்று தெரியாத செலவுக்கென்றே ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் தானாக விளங்கும்.

பற்றறியின் வயிற்றிலிருப்பதை அறியச் சிறிய வோல்ற்மானி ஒன்று போதும். ஒன்றும் ஓடாமல், சார்ஜும் ஏறாமல் கொஞ்ச நேரம் ஓயவிட்டுப் பார்க்க வேண்டும். 12.6 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் ஏறக்குறைய வெறுமை. நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையில் ஒரு வோல்ற்கூட இல்லை. "சேர், முள்ளு 12ல நிக்கி, பாதிக்கு மேல இரிக்கிதான?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. 12 என்பது பற்றறியின் பெயர். அதன் சுகநிலை அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தில்தான் இருக்கிறது.

சார்ஜ் ஏறுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஒல்ரனேற்றர் பற்றறியை நிரப்புகிறது. எண்பது வீதம்வரை வேகமாக ஏறும். மிச்ச இருபது வீதம் ஏறப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். கல்முனைக்குப் போகும் காலை பஸ்ஸைப் போலத்தான். ஆசனங்கள் நிமிடத்தில் நிறைந்துவிடும். கடைசியில் ஏறும் பத்துப்பேருக்கு இடம் பிடித்துக் கொடுக்கவே கொண்டக்டருக்கு நேரம் சரியாகிவிடும். ஆகவே வெறும் பற்றறிக்காக நாள் முழுவதும் டீசலை எரிப்பது நட்டம். காலையில் வலை இழுக்க என்ஜின் ஓடும் நேரத்தையே சார்ஜ் நேரமாக வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் எழுதக்கூடிய விடயங்கள். இனிச் சொல்லப்போவதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை.

2011ஆம் ஆண்டு ஆனி மாதம். மச்சானின் படகு கரையைவிட்டு நான்கு நாளாகியிருந்தது. படகில் ஐந்து பேர். இரவு வலை விட்டுவிட்டு மச்சான் படுத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்த இளந்தாரிகள் இருவர் காவலிருந்தார்கள். நித்திரை வராமலிருக்கப் பாட்டுப் பெட்டியைப் போட்டிருக்கிறார்கள். தட்டில் இருந்த பெரிய விளக்கையும் எரியவிட்டிருக்கிறார்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் பற்றறியும் மற்றப் பற்றறியும் தனித்தனியாகத்தான் இருந்தன. ஆனால் நடுவிலுள்ள சுவிச் இரண்டையும் சேர்த்துவிடும் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டும் ஒன்றாக இறங்கின. சுபஹு நேரம் மச்சான் எழும்பிச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி 'டிக்'. அவ்வளவுதான். கையால் சுற்றி இயக்கக்கூடிய என்ஜினல்ல அது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் 300 அம்பியர் வரை இழுக்கும். ஆனால் மூன்று விநாடிதான். பெருக்கிப் பார்த்தால் கால் அம்பியர்-மணி. கைத்தொலைபேசி ஒன்றுக்கு ஏற்றுவதைவிடக் குறைவு! மச்சானின் இரண்டு பற்றறிகளிலும் அந்தக் கால் அம்பியர்-மணியைவிடப் பல மடங்கு மிச்சமிருந்திருக்கும். ஆனால் அதை ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்கும் பலம் அவற்றுக்கு இருக்கவில்லை. நோயில் கிடப்பவர் நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கதைப்பார், எழும்பி ஒரு வாளி தண்ணீர் தூக்கச் சொன்னால் முடியாது. அது மாதிரி.

நெடுந்தூரம் பேசும் செட்டின் நிலைமையும் அதுவே. அந்த செட் கேட்டுக்கொண்டிருக்க ஓரிரு அம்பியர் போதும். பொத்தானை அழுத்திப் பேசும்போது இருபது அம்பியருக்கு மேல் இழுக்கும். பலமிழந்த பற்றறியில் செட் நன்றாகக் கேட்கும். வாயைத் திறந்து பேசப் பொத்தானை அழுத்தியதும் வோல்ற்றளவு விழுந்து செட் அணைந்துவிடும். விரலை எடுத்தால் மறுபடி உயிர் வரும், மறுபடி கேட்கும்.

படகு முதலாளியின் வீடு அடுத்த தெருவில். அவர் வீட்டு முற்றத்தில் உயரமான கம்பத்தில் அன்டனா. மஃரிபுக்குப் பிறகு படகுக்காரரின் குடும்பங்கள் அங்கே கூடும். ஒவ்வொரு படகும் பேசும், ஆண்கள் மீனைப் பற்றிக் கேட்பார்கள், பெண்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். அன்று மச்சானின் படகு பேசவில்லை. முதலாளி கூப்பிட்டார், பதிலில்லை. பக்கத்திலிருந்த படகுகளைக் கேட்டார், யாரும் காணவில்லை. மறுநாளும் அப்படியே. ராத்தா ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். அவள் அதற்கு முன் அதில் நாலு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. நூறு பேர் கேட்கும் செட் என்று வெட்கப்படுவாள். அன்று அவள் வெட்கப்படவில்லை. மூத்த மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றாள். முருங்கை மரம் காற்றுக்கு முறிந்துவிட்டது என்றாள். "எங்க இருக்கீங்க, ஒரு சொல்லுச் சொல்லுங்களன்" என்றாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். இரைச்சல் மட்டும் கேட்டது. திரும்பவும் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். முதலாளியின் மனைவி ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். ராத்தா இருக்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் மச்சானின் படகிலிருந்தவர்கள் கம்பொன்றில் கட்டியிருந்த சிவப்புச் சாரனைத் தெற்கிலிருந்து வந்த படகொன்று கண்டது. சிங்களச் சகோதரர்களின் படகு. இவர்களுக்குச் சிங்களம் கொஞ்சம், அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம். 'டிக்' என்ற சத்தத்தை வாயால் செய்து காட்டியதே போதுமாக இருந்ததாம். அலை பெரிது. படகோடு படகை அணைத்தால் இரண்டும் மோதி உடையும். அவர்கள் தங்கள் பற்றறி ஒன்றைக் கழற்றி, மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் இறக்கி, பொலித்தீன் சுற்றி, கயிறு கட்டித் தண்ணீரில் விட்டார்கள். அது மிதந்து மிதந்து வந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் அமிலத்தோடு கலந்தால் குளோரீன் வாயு கிளம்பும் என்பதை என் மச்சான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. ஆனால் பற்றறிக்குக் கடல்நீர் ஆகாது, மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அரைமணித்தியாலத்தைப் போல் வாழ்நாளில் தான் எதையும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை என்று சொல்வார்.

என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. பற்றறியை அதே பெட்டியில் வைத்து, பக்கத்தில் பெரிய சூரை மீன் ஒன்றையும் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களிடமிருந்து இவர்கள் கடன் வாங்கியது கால் அம்பியர்-மணி.

முதலாளியின் மகன் சைக்கிளில் பாடசாலைக்கு ஓடிவந்து செய்தி சொன்னபோது நான் தரம் 9 வகுப்பில் நின்றேன். அன்று மஃரிபுக்குப் பிறகு ராத்தா செட்டடிக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து அழுதாள். நான்தான் போய்ப் பேசினேன்.

மச்சான் கரைக்கு வந்து, சோறு தின்று, வெற்றிலை போட்ட பின்பு சொன்னார்: "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன் புள்ள. காய்ச்சல் இறங்கின, முருங்க முறிஞ்ச, எல்லாம் கேட்ட. பொத்தான அமத்தினா செட்டு செத்துப் போகிது. ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போயிட்டு." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, எஞ்சின் நிண்டது பெரிசில்ல. இவள் கூப்பிடக்குள்ள வாய் இரிந்தும் ஊமையா இரிந்தம் பாருங்க, அதுதான்" என்றார்.

கடலைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கதைகளில் நான் வாசித்தவற்றில் புயல் வருகிறது, சுறா வருகிறது, சுனாமிக்குப் பிறகு பேரலை வருகிறது. படகின் அடித்தட்டில் மூடிக்கிடக்கும் பற்றறிப் பெட்டி வருவதில்லை. அது எழுதத் தகுந்த சாமானல்ல என்று நினைக்கிறோம் போலும். அன்றைக்கு ராத்தாவின் குரலுக்கும் மச்சானின் குரலுக்கும் இடையில் நின்றது புயலல்ல, அந்தப் பெட்டிதான்.

அடுத்த பயணத்துக்கு முன்பு மச்சான் மூன்றாவது பற்றறி ஒன்று வாங்கினார். அதை என்ஜின் அறையின் தாழ்வில் வைக்காமல், தண்ணீர் ஏறாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்தார். சார்ஜ் ஏறும் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது தேங்கினால் ஒரு பீடி நெருப்பே போதும். அந்த மூன்றாவது பற்றறியிலிருந்து இரண்டே வயர்கள் போயின. ஒன்று செட்டுக்கு, மற்றது அவசரத்தில் ஸ்டார்ட்டருக்கு. விளக்கு, தொலைபேசி, பாட்டு எதுவும் அதைத் தொட முடியாது. என்ஜின் ஓடும்போது மட்டும் அதற்குச் சார்ஜ் ஏறும். பெட்டியின் மூடியில் பெயின்ற்றால் ஒரு சொல் எழுதச் சொன்னார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'அமானிதம்.'

இது நம்மிடையே புழங்குகின்ற சொல். ஒருவர் நம்பித் தந்த பொருள், நம் கையிலிருந்தும் நமக்குச் சொந்தமில்லாதது. படகிலிருந்த பையன்களுக்கு அம்பியர்-மணி விளங்கவில்லை. பாதிக்குக் கீழே இறக்காதே என்று சொன்னால், "இன்னும் எரியிதுதான காக்கா" என்பார்கள். அமானிதம் என்றதும் விளங்கியது. கரையில் காத்திருப்பவர்களின் பொருள் அது. கடலில் இருப்பவர்கள் அதற்குக் காவல் மட்டுமே. பின்னர் வேறு படகுகளிலும் இந்தப் பெயர் பரவியது. "அமானிதப் பற்றறி எத்தனையில நிக்கி?" என்று செட்டில் கேட்டுக்கொள்வதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

காலம் போகப் போகப் படகில் மின்சாரம் உண்ணும் வாய்கள் கூடின. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தபின், ஆழ்கடல் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தும் வேலை வேகம் பெற்றது. 2016இல் தடை நீங்கியது, கருவி நின்றுவிட்டது. படகு எங்கே நிற்கிறது என்பதைக் கரைக்குச் சொல்லும் நல்ல கருவிதான். அதற்கும் நாள்தோறும் தீனி போட வேண்டும்.

வருமானப் பக்கத்தில் சூரியன் வந்து சேர்ந்தது. கரையில்லாத இடத்தில் மின்சாரம் தேடுவது இன்று நேற்றைய காரியமல்ல. 1893இல் நோர்வே நாட்டவரான நான்சன் 'பிராம்' என்ற கப்பலில் வடதுருவப் பனிக்கடலுக்குப் போனபோது, மேல்தட்டில் காற்றாலை ஒன்றை நிறுத்தி, அதனால் டைனமோவைச் சுழற்றி மின்விளக்கு எரித்தார். நமக்கு வெயில் தாராளம். படகின் கூரையில் 100 வாற் சோலார் தகடு ஒன்றைப் பதித்தால் நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 அம்பியர்-மணி வரை கிடைக்கும். ஆனால் அதன் ஒரு மூலையில் கொடிக்கம்பத்தின் நிழலோ காயப்போட்ட சாரனோ விழுந்தால் வருவது பெருமளவு குறைந்துவிடும். மூலைதானே என்று விடக்கூடாது. கடற்பறவை எச்சத்தையும் உப்பையும் நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரிலிருந்து ஒரு சிரட்டை அதற்கும் போகிறது.

சோலார் தகட்டின் பெரிய உபகாரம் கடலில் அல்ல, மாரி காலத்தில்தான். ஐப்பசி தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போது படகுகள் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். பற்றறி வேலை செய்து சாவதைவிடச் சும்மா இருந்து சாவது அதிகம். தன்பாட்டில் மெல்ல இறங்கும். இறங்கிய நிலையில் நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈயச் சல்பேற்று படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. சிறு தகடொன்று நாள்தோறும் கொஞ்சம் ஊட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சாவைத் தடுக்கலாம்.

2022ஆம் ஆண்டு, கடலில் இருந்த பஞ்சம் கரைக்கும் வந்தது. டீசல் இல்லை, படகுகள் கரைக்கு அப்பால் சும்மா நின்றன. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிற்போடப்பட்டிருந்த சாதாரண தரப் பரீட்சை மே மாதம் நடக்கவிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரவில் படிக்க வெளிச்சமில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மச்சான் படகிலிருந்த பற்றறிகளைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்தார். மூன்றாவதையும் கொண்டுவந்திருந்தார். மூடியில் என் கையெழுத்து மங்கிப்போய் இருந்தது. "இது அமானிதமல்லவா மச்சான்?" என்று கேட்டேன். "போட்டு கரையில நிக்கக்குள்ள அமானிதம் ஆருக்குத் தம்பி? கடலுக்குப் போறண்டைக்கு எனக்கு நிறைவா வேணும், அவ்வளவுதான்" என்றார்.

3 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் நான்கை விறாந்தையில் கட்டினோம். நான்கும் சேர்ந்து ஓர் அம்பியர். நான்கு மணித்தியாலம் படித்தாலும் இரவுக்கு 4 அம்பியர்-மணிதான். பதினைந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு இரவும் தொடங்கும்போதும் முடியும்போதும் வோல்ற்மானியைப் பார்த்துச் சுவரில் எழுதுவது அவர்களின் வேலை. 12.6, 12.5, 12.5, 12.4. எந்தப் பற்றறியும் 12.2க்குக் கீழே போகக்கூடாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். மின்சாரம் வரும் நேரத்தில் முறைவைத்துச் சார்ஜ் போட்டார்கள். அந்தச் சுவரெழுத்தை நான் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. மச்சான் மீண்டும் கடலுக்குப் போன அன்று மூன்றாவது பற்றறி 12.6இல் நின்றது.

இப்போது லிதியம் பற்றறிகள் படகுகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. பாரம் குறைவு, எண்பது வீதம்வரை செலவழிக்கலாம், சீக்கிரம் நிறையும். விலைதான் வாயைப் பிளக்க வைக்கிறது. அவற்றில் இன்னொரு குணமும் உண்டு. ஈயப் பற்றறி இறங்கும்போது விளக்கு மங்கும், நமக்கு ஒரு முன்னறிவித்தல் கிடைக்கும். லிதியம் பற்றறியின் வோல்ற்றளவு கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அடிமட்டத்தை அடைந்ததும் உள்ளேயிருக்கும் காவல் சுற்று ஒரேயடியாகத் துண்டித்துவிடும். வோல்ற்மானியை நம்பியிருந்தவன் ஏமாந்துபோவான். போனதையும் வந்ததையும் எண்ணிக் காட்டும் கணக்குமானி அதற்கு வேண்டும். பழைய ஒல்ரனேற்றரை அதனோடு நேரே பொருத்தினால் அது சூடேறிக் கெடவும் கூடும். புதிய பற்றறி வாங்குபவர் இவற்றையும் விசாரித்து வாங்குவது நல்லது.

மச்சான் முழங்கால் வருத்தத்தால் கடலை விட்டுவிட்டார். மூத்த மகளை முடித்த மருமகன்தான் இப்போது படகின் தண்டையல். போன மாதம் அவர் லிதியம் பற்றறி ஒன்று பூட்டியிருந்தார். அதன் பெருமைகளைத் தன் கைத்தொலைபேசியில் படம் காட்டி விளக்கினார். மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்தா அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதெல்லாம் சரி மன. செட்டுக்கெண்டு வேறயா ஒண்டு இரிக்கா?"

"இரிக்கி மாமி" என்றார் மருமகன்.